அடித்துவிட்ட பக்கம்

என் மேசை இழுப்பறையில் ஒரு விடைத்தாளின் நகல் இரண்டு வருடமாகக் கிடக்கிறது. பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு, நிகழ்தகவுத் தாள், முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு. நாலாம் பக்கத்தை மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறது. ஓரத்தில், ஏழாவது கேள்விக்கு நேராக, நான் சிவப்பு மையில் போட்ட சுழி மதிப்பெண். மறுநாள் வகுப்புக்குப் பாடம் தயாரிக்க உட்காரும் இரவுகளில், புத்தகத்தைத் திறக்கும் முன்னால் அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். இத்தனை நாளாகியும் அது என்னை விடவில்லை. எழுதிப் பார்த்தாலாவது தெளிகிறதா என்று பார்க்கலாம்.

உள்மதிப்பீட்டுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மதிப்பெண்ணைக் கூட்டி முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்துவிடும். இப்போது கேள்வி வாரியாக எக்செல்லில் ஏற்ற வேண்டும். எந்தக் கேள்வி எந்தப் பாட நோக்கத்தைச் சோதிக்கிறது, அதை எத்தனை பேர் எட்டினார்கள், எட்டாதவர்களுக்கு என்ன செய்யப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் வருடமென்றால் இந்தத் தாள்கள் பீரோவில் கட்டுக்கட்டாக ஏறும். ஆசிரியர் அறைகளில் இதைப் பற்றிய சலிப்பு எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் இதை வெறுக்கவில்லை. புள்ளியியல் சொல்லிக்கொடுப்பதே என் தொழில். ஒரு வகுப்பில் என்ன நடந்தது என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது, எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நம்புகிறவள் நான். என் வருத்தம் வேறு. எதை எண்ணுகிறோம் என்று பார்க்காமலேயே எண்ணிவிடுகிறோம்.

அந்த ஏழாவது கேள்வி பேயஸ் தேற்றத்தில், அதாவது நடந்துவிட்டதை வைத்து அதற்கு எது காரணமாக இருக்கும் என்று கணக்கிடும் தேற்றத்தில், பத்து மதிப்பெண் கேள்வி. எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும் கணக்கு. ஒரு தொழிற்சாலையில் மூன்று இயந்திரங்கள் போல்ட் செய்கின்றன. மொத்த உற்பத்தியில் அவற்றின் பங்கு முறையே 25, 35, 40 விழுக்காடு. அவை செய்வதில் பழுதானவை முறையே 5, 4, 2 விழுக்காடு. எடுத்த ஒரு போல்ட் பழுதாக இருக்கிறது எனில், அது இரண்டாவது இயந்திரத்தில் செய்ததாக இருக்க நிகழ்தகவு என்ன? வகுப்பில் 52 பேர், தேர்வு எழுதியவர்கள் 49 பேர். அதில் 31 பேருக்குச் சுழி. எக்செல்லில் அந்த நிரல் மேலிருந்து கீழ்வரை சிவப்பாகிவிட்டது. படிவத்தின் கடைசிக் கட்டம் 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்று கேட்டது. 'சிறப்பு வகுப்பு நடத்தப்பட்டது' என்று எழுதும்படி மூன்று சனிக்கிழமைகள் வகுப்பு எடுத்தேன். அதே தேற்றம், அதே சூத்திரம், முன்பைவிடக் கொஞ்சம் நிதானமாக, கொஞ்சம் சத்தமாக.

முதல் தேர்வில் கடைசியில் நின்ற இருபது பேரின் சராசரி இரண்டாம் தேர்வில் ஐம்பதுக்கு 14இலிருந்து 19க்கு ஏறியது. துறைக் கூட்டத்தில் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு நெஞ்சில் ஒரு உறுத்தல். 1886இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை அளந்து சொன்னதை நானே வருடந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறேன்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குட்டையாகவும், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருப்பார்கள். ஒரு முறை கடைசியில் நின்றவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து மறுமுறை அளந்தால், நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அவர்கள் கொஞ்சம் மேலே வருவார்கள். அன்று இரவு வீட்டில் முதல் தேர்வில் முன்னே நின்ற பத்துப் பேரின் மதிப்பெண்ணை எடுத்துப் பார்த்தேன். அவர்களின் சராசரி மூன்று குறைந்திருந்தது. அவர்களுக்கு நான் எந்த வகுப்பும் எடுக்கவில்லை. அப்படியானால் கீழே இருந்தவர்கள் ஏறியதில் எவ்வளவு என் சனிக்கிழமைகளால் வந்தது? ஒப்பிட்டுப் பார்க்க, சிறப்பு வகுப்புக்கு வராத இன்னொரு இருபது பேர் என்னிடம் இல்லை. இன்னொன்றும் இருந்தது. இரண்டாம் தேர்விலும் ஒரு பேயஸ் கணக்கு கொடுத்திருந்தேன். அதில் 28 பேருக்குச் சுழி.

ஆயிரம் போல்ட், பத்தாயிரம் போல்ட்

உள்மதிப்பீட்டு மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன்னால் மாணவர்கள் வந்து கூட்டலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவி கடைசியாக வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். முதல் தேர்வுத் தாளைப் புரட்டிக் கூட்டலை விரலால் எண்ணிக்கொண்டிருந்தவள், நாலாம் பக்கம் வந்ததும் அதைச் சட்டென்று தள்ளிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். அந்த அவசரத்தைப் பார்த்துத்தான் நான் தாளைத் திருப்பி வாங்கினேன். திருத்தும்போது அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை. அடித்த பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

படித்தேன். மேலே ஒரு கட்டம், அதில் 1000 என்று எழுதி, அதிலிருந்து மூன்று கிளை பிரித்திருந்தாள்: 250, 350, 400. முதல் கிளைக்குக் கீழே 12.5 என்று வந்திருக்கிறது. அரை போல்ட் ஏது என்று நினைத்திருக்கிறாள் போலும், அந்தக் கட்டத்தை மட்டும் அடித்துவிட்டுக் கீழே 10,000 என்று மறுபடி தொடங்கியிருந்தாள். 2500, 3500, 4000. அவற்றின் கீழே பழுதானவை 125, 140, 80. மூன்றையும் கூட்டி 345. அதன் பக்கத்தில் 140/345 என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள். சுருக்கினால் 28/69. அதுதான் விடை. ஒரு தவறும் இல்லை. அதற்குப் பிறகு முழுப் பக்கத்துக்கும் குறுக்கே அந்த இரண்டு கோடுகள்.

"இதை ஏம்மா அடித்தாய்?" என்றேன்.

"ஃபார்முலா போடவில்லை மேடம். எண்ணித்தான் பார்த்தேன். எண்ணினால் மார்க் கிடையாது என்று அடித்துவிட்டேன்."

"எண்ணினால் மார்க் கிடையாது என்று யார் சொன்னது?"

அவள் பதில் சொல்லவில்லை. தரையைப் பார்த்தாள். யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். முந்தைய மாதம் முதல் வரிசையில் ஒரு பையன் விரல்விட்டு எண்ணியபோது, 'இது பள்ளிக்கூடம் இல்லை, சூத்திரத்தை எழுது' என்று வகுப்பே கேட்கும்படி சொன்னது நான்தான்.

எனக்கு இன்னும் சங்கடம் தருவது வேறொன்று. அவள் செய்ததுதான் நல்ல வழி என்பது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. விழுக்காடாகவும் தசமமாகவும் கொடுத்தால் மருத்துவர்கள்கூடத் தடுமாறும் இந்த மாதிரிக் கணக்கை 'பத்தாயிரம் பேரில் இத்தனை பேர்' என்று தலையெண்ணிக்கையாக மாற்றிக் கொடுத்தால் பலர் தாமாகவே சரியாகப் போடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் கெர்ட் கிகரென்சரும் உல்ரிக் ஹாஃப்ராகேயும் 1995இலேயே சோதனை செய்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை ஒரு புத்தாக்கப் பயிற்சியில் படித்து, குறிப்பும் எடுத்து வைத்திருந்தேன். அந்தக் குறிப்பு என் வகுப்புக்குள் வரவேயில்லை. யாரும் சொல்லித்தராமல் ஒரு பெண் அந்த வழியைத் தானே கண்டுபிடித்து, என் பேச்சுக்குப் பயந்து, தானே அடித்துவிட்டாள். அன்றே அவளுக்கு எட்டு மதிப்பெண் கொடுத்துத் திருத்தினேன். நகலில்தான் அந்தச் சுழி அப்படியே இருக்கிறது. திருத்தும் முன்னால் எடுத்துக்கொண்ட நகல் அது.

'எனில்' எங்கே நிற்கிறது

அவளிடம் இன்னொன்றும் கேட்டேன். சூத்திரத்தை ஏன் போடவில்லை, அதுவும் தெரியும்தானே? "சூத்திரம் தெரியும் மேடம். கோட்டுக்கு முன்னால் எதை எழுதுவது, பின்னால் எதை எழுதுவது என்றுதான் ஒவ்வொரு முறையும் மாறிப்போகிறது" என்றாள். நிபந்தனை நிகழ்தகவைக் குறிக்க நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போடுவோம். கேட்கும் நிகழ்ச்சி கோட்டுக்கு முன்னால், ஏற்கெனவே நடந்துவிட்டது என்று கொடுத்தது பின்னால். ஆங்கிலத்தில் 'கிவன் தட்' என்பதை அந்த இடத்தில் சொல்லிப் படித்தால் வாக்கியமும் குறியீடும் ஒரே திசையில் ஓடும். தமிழில் அப்படி ஓடாது. 'பழுதாக இருக்கிறது எனில், அது இரண்டாவது இயந்திரத்தில் செய்ததாக இருக்க' என்றுதான் நாம் சொல்வோம். நிபந்தனை முதலில் வரும், கேள்வி பிறகு வரும். தமிழில் யோசிக்கிற பிள்ளை, காதில் விழுந்த வரிசையிலேயே எழுதினால் கோட்டின் இரண்டு பக்கமும் இடம் மாறிவிடும். பழுதானது எனில் இரண்டாவது இயந்திரம் என்பதும், இரண்டாவது இயந்திரம் எனில் பழுதானது என்பதும் ஒன்றில்லை. முதலாவது 28/69, சுமார் 41 விழுக்காடு. இரண்டாவது வெறும் 4 விழுக்காடு. இத்தனை வருடமாக 'கவனக்குறைவு' என்று எழுதி ஓரத்தில் அடிக்கோடிட்ட தவறு இது. எத்தனை தாளில் அப்படி எழுதியிருப்பேன் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இப்போது வகுப்பில் கோட்டை எழுதியதும் பின்னாலிருந்து படிக்கச் சொல்கிறேன். கோட்டுக்குப் பின்னால் இருப்பதை முதலில் வாசி, கோடு வந்ததும் 'எனில்' என்று சொல், பிறகு முன்னால் இருப்பதற்குப் போ. அவ்வளவுதான். ஆங்கிலவழியில் படித்த பிள்ளைகளும் இப்படியே படிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தரிசு

அந்த மாணவி போன பிறகு பீரோவிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்து அந்த 31 சுழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காவலாளி வந்து விளக்கை அணைக்கலாமா என்று கேட்கும்வரை பார்த்தேன். ஏழாவது கேள்வியைத் தொடவே தொடாதவர்கள் 14 பேர். சூத்திரத்தை மட்டும் எழுதிவிட்டு நின்றவர்கள் 9 பேர். எழுதி அடித்தவர்கள் 8 பேர், அதில் ஐந்து பேர் சரியான பாதையில் இருந்தார்கள். எக்செல்லில் இவர்கள் எல்லோரும் ஒரே எண். சிறப்பு வகுப்பில் நான் தந்த மருந்தும் எல்லோருக்கும் ஒன்றே.

எக்செல் தெரிந்தவர்களுக்கு இது புரியும். சராசரி எடுக்கும் கட்டளை, வெறுமையாக விட்ட கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது. சுழி இருந்தால் சேர்க்கும். மற்ற 18 பேரும் வாங்கிய மொத்தம் 108. எல்லோருக்கும் சுழி போட்டால் சராசரி 2.2. தொடாத 14 பேரின் கட்டத்தை வெறுமையாக விட்டால் அதே தாள்களின் சராசரி 3.1. இரண்டில் எது உண்மை என்று கேட்டால் நான் சொல்லமாட்டேன். அந்த 14 பேர் ஏன் தொடவில்லை என்று தெரியாதவரை இரண்டுமே பொய்தான். விடுபட்ட தரவைப் பற்றிப் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976இல் எழுதியதன் சாரம் இதுதான்: எப்படி விடுபட்டது என்று கேட்காமல் மிச்சமிருப்பதைக் கொண்டு முடிவு சொல்லாதே. முதுகலை வகுப்புக்கு இதை நான் பாடமாகவே நடத்துகிறேன்.

ஆபிரகாம் வால்டின் கதையையும் நடத்துகிறேன். இரண்டாம் உலகப் போரில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் இருந்தவர். திரும்பி வந்த விமானங்களில் பட்ட குண்டுகளை வைத்து, திரும்பாத விமானங்கள் எங்கே அடிபட்டிருக்கும் என்று கணக்கிட வழி சொன்னவர். அவர் 1950 டிசம்பரில் இந்தியாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்த இடத்தில், நம்முடைய நீலகிரி மலையில் விமானம் மோதி மனைவியோடு இறந்துபோனார். அதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் வகுப்பு அமைதியாகிவிடும். திரும்பாத விமானங்களைப் பற்றி இவ்வளவு உருக்கமாகப் பேசிவிட்டு, என் கையிலிருந்த கட்டில் திரும்பாதவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து கேட்டேன். தொடாதவர்களில் நான்கு பேர் தாமதமாக வந்தவர்கள். காலை ஒன்பதரைத் தேர்வுக்கு, தேனி ரோட்டில் வரும் டவுன் பஸ்ஸை நம்பி வருகிறவர்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எத்தனையோ பெண்கள் கல்லூரிக்கு வருவதே அதனால்தான். ஆனால் அந்த பஸ் நிறைந்து போய்விட்டால் அடுத்த இலவச பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுத்துப் புறநகர்ப் பஸ்ஸில் ஏற வேண்டும். தினமும் கொடுக்கக் காசு இருக்காது. இருபது நிமிடம் பிந்தி வந்தவர்கள் கடைசிக் கேள்விக்கு வந்து சேரவில்லை. இரண்டு பேர் ஆங்கிலத்தில் நீளமாக இருந்த கேள்வியைப் பார்த்ததுமே விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஒருவன் பாடம் நடத்திய வாரம் முழுக்க வரவில்லை, அப்பாவோடு அறுவடைக்குப் போயிருந்தான். மீதிப் பேர் படிக்கவில்லை என்று நேராகவே சொன்னார்கள். அதையும் நம்புகிறேன்.

எனக்கு அப்போது தாத்தாவின் வயல் ஞாபகம் வந்தது. மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாயின் கடைமடை. தண்ணீர் வந்து சேராத வருடம், கிராமத்துச் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் எங்கள் புல எண்ணுக்கு நேரே 'தரிசு' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்த வயல்காரர் மகன் சிங்கப்பூர் போய்விட்டதால் அவர் விதைக்கவில்லை. அவருக்கும் 'தரிசு'. தாத்தா உழுது, நாற்றங்கால் பாவி, தண்ணீர் வராமல் நாற்று காய்ந்ததைப் பார்த்தவர். 'உழுத நிலத்தைத் தரிசு என்று எழுதுகிறார்களே' என்று ஒவ்வொரு முறையும் அதற்காகக் கோபப்படுவார். அந்தக் கோபத்தின் பொருள் எனக்கு நாற்பத்தைந்து வயதில்தான் விளங்கியது.

இப்போது பாடம் தயாரிக்கும் முறையே மாறிவிட்டது. முன்பெல்லாம் புத்தகத்திலிருந்து தொடங்கிக் குறிப்பெடுப்பேன், முந்தைய வருடக் குறிப்பில் தேதியை மாற்றிக்கொள்வதும் உண்டு. இப்போது தேர்வு முடிந்ததும் ஒரு நோட்டில் மூன்று குறி வைக்கிறேன். தொடாததற்குச் சிறு கோடு, எழுதித் தவறியதற்கு 0, எழுதி அடித்ததற்கு 'அ'. துறையின் படிவத்தில் இந்தக் குறிகளைப் போட முடியாது, எழுத்தைப் பார்த்தால் அது பிழை என்கிறது. அங்கே எண் போகிறது, நோட்டு என்னிடம் இருக்கிறது. 'அ' விழுந்த இடத்திலிருந்து அடுத்த வகுப்பைத் தொடங்குகிறேன். பிள்ளைகளிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன்: அடிப்பதென்றால் ஒற்றைக் கோடு போதும், கீழே இருப்பது எனக்குத் தெரிய வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வில் அடித்ததை யாரும் திருத்த மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த 75 என் கையில் இல்லை. என் கையில் இருக்கும் தேர்வில், அடித்த விடை சரியாக இருந்து அதற்குப் பதில் வேறொன்று எழுதாமலிருந்தால் மதிப்பெண் கொடுக்கிறேன். சக ஆசிரியர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தன் விடையைத் தானே நம்பாதவனுக்கு எதற்கு மதிப்பெண் என்கிறார்கள். நம்பாமல் போனதற்கு யார் காரணம் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

போல்ட்டையும் மாற்றிவிட்டேன். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மூன்று ஊரிலிருந்து மல்லிகை வருகிறது: உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி. வந்ததில் மொட்டு விரிந்துபோனது ஊருக்கு இத்தனை விழுக்காடு. கையில் எடுத்தது விரிந்த பூ எனில், எந்த ஊர்ப் பூவாக இருக்கும்? முதல்முறை இதைக் கொண்டுபோனபோது பத்தாயிரம் பூ என்று தொடங்கினேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "பூவை யாரும் எண்ண மாட்டார்கள் மேடம், சந்தையில் எடைதான்." சரி, அப்படியானால் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டேன். "பத்துக் கிலோ என்று வையுங்கள், பத்தாயிரம் கிராம் வந்துவிடும். அரை கிராம் வந்தாலும் பரவாயில்லை" என்றாள். அந்த உசிலம்பட்டி மாணவிதான். அன்று வகுப்பில் அவள் பேசியதைத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

இந்தப் பருவத்தின் முதல் தேர்வு போன வாரம் முடிந்தது. நோட்டில் ஆறு 'அ' விழுந்திருக்கிறது. ஐந்துக்குக் காரணம் புரிந்துவிட்டது, அதற்கேற்ற கணக்குகளையும் எழுதிவிட்டேன். ஆறாவது ஒரு தொகையீட்டுக் கணக்கு. ஒற்றைக் கோடு என்று நான் சொல்லியிருந்தும், மை ஊறி மறுபக்கம் தெரியும் அளவுக்குக் கிறுக்கி அழித்திருக்கிறான். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கடைசி வரி மட்டும் தெரிகிறது, விடை சரியாக இருக்கிறது. நடுவில் மூன்று வரிகள் தெரியவில்லை. புத்தகத்தில் உள்ள வழியில் போனால் அந்த விடைக்கு ஏழெட்டு வரி வேண்டும். இவன் எப்படி மூன்று வரியில் வந்தான் என்று இரவு பதினொரு மணி வரை போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பேரையூரிலிருந்து வருகிற பையன், முதல் மணி நேரத்துக்கு எப்போதும் பாதியில்தான் வருவான். நாளை இரண்டாவது மணி நேரம் அவனைக் கரும்பலகைக்கு அழைக்காமல், தாளை அவன் மேசைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.